கரி எடுத்த பிறகும் மஞ்சளாக எரிந்த பெட்ரோமாக்ஸ்

எங்கள் வீட்டு பெட்ரோமாக்ஸ் ஏற்றின நாலாவது நிமிடம் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். வெள்ளையாக நின்று எரிகிற மேண்டில் என்ற வலைத்துணி சட்டென்று மங்கும், பளிச்சென்று தூக்கும், மறுபடி மங்கும். ஒரே சீராக வரவேண்டிய சீறல் சத்தம் புஸ், புஸ் என்று விட்டு விட்டு வரும். இதைச் சரிசெய்ய ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதில் நாலு ஞாயிறு பாதிக் கோளாறைப் பார்க்காமலேயே நோண்டிக்கொண்டிருந்தேன். பரணில் இப்படி ஒரு லைட் கிடக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த நாலு ஞாயிறு மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

லைட் அப்பாவுடையது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அப்பா வாடகைக் கடை வைத்திருந்தார். பந்தல், அண்டா, ஜமக்காளம், கூடவே பன்னிரண்டு கேஸ் லைட். பெட்ரோமாக்ஸ் என்று கடைப் பலகையில்தான் எழுதியிருந்தது, வாயில் எல்லோருக்கும் கேஸ் லைட்தான். கல்யாண ஊர்வலம், சாவு வீடு, சுற்றுப்பட்டு ஊர்களில் தெருக்கூத்து, மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிற சாமி, எல்லாவற்றுக்கும் போய்வந்தவை. ஜெனரேட்டர் வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பித்தளை விலைக்குப் போனது. ஒன்றே ஒன்றை அப்பா விற்கவில்லை.

அது கடைசியாக நன்றாக எரிந்தது தானே புயலின்போது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய புயல் அது. எங்கள் தெருவில் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அத்தனை ராத்திரியும் திண்ணையில் இந்த லைட்தான். கரண்ட் வந்ததும் அப்பா துடைத்துச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தார். டேங்கில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயை வடிக்கவில்லை. அதற்கப்புறம் அப்பாவும் அதிக நாள் இல்லை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதுதான் திரும்பவும் அதன் ஞாபகம் வந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் கரையோர ஊர்களை முழுக்கியது. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, கரண்ட் இல்லை, அவ்வளவுதான். பரணில் இருந்து இறக்கினேன். பம்பு அடித்தால் காற்றே ஏறவில்லை. இருட்டில் அதோடு மல்லுக்கட்ட மனமில்லாமல் மெழுகுவர்த்தியோடு படுத்தோம். அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: “உங்கப்பா இருந்திருந்தா இந்நேரம் தெருவே வெளிச்சமா இருக்கும்.” ஜனவரியில் வேலையைத் தொடங்க அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வேலைக்கு முன்னால் இது எப்படி எரிகிறது என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல்தான் நான் சுற்றினேன்.

பம்பு அடித்தால் டேங்கில் காற்றழுத்தம் ஏறி, மண்ணெண்ணெயை ஒரு நெட்டுக் குழாய் வழியாக மேலே தள்ளும். அந்தக் குழாய்தான் வேப்பரைசர். அதன் மேல்பாகத்தில் ஒரு சுருள் வளையம் உண்டு, மேண்டிலின் பக்கத்திலேயே இருப்பதால் தகதகவென்று காயும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 டிகிரியில் கொதிக்க ஆரம்பித்து 300 டிகிரி சுமாரில் முழுக்க ஆவியாகிவிடும். முதலில் ஸ்பிரிட் ஊற்றி எரிப்பது இந்தச் சூட்டைக் குழாய்க்குக் கொடுக்கத்தான். பிறகு மேண்டிலின் சூடே பார்த்துக்கொள்ளும். ஆவி, வேப்பரைசர் உச்சியில் திருகியிருக்கிற நிப்பிளின் முடியளவு துளை வழியாகப் பீறிட்டு, நேர் மேலே இருக்கிற ஒரு வளைந்த குழாயின் வாய்க்குள் பாயும். பாயும்போது சுற்றியிருக்கிற காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய்க்குள் இரண்டும் கலந்து, வளைவு திரும்பிக் கீழே இறங்கி, பீங்கான் மூக்கு வழியாக மேண்டிலுக்குள் எரியும். பழைய பம்பு ஸ்டவ் பார்த்தவர்களுக்கு இதில் பாதி தெரிந்த கதை. ஸ்டவ்வில் பர்னர் செய்வதை இங்கே வேப்பரைசர் செய்கிறது.

ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மண்ணெண்ணெய் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய்க்கு என்று பார்த்தால் சுமாராக 10,000 லிட்டர் காற்று. டேங்கில் பிடிப்பது ஒரு லிட்டர், அது ஒரு ராத்திரிக்கு வரும். ஆக இந்த லைட் ஒரு ராத்திரியில் குடிப்பது ஒரு லிட்டர் எண்ணெயும் ஓர் அறை நிறையக் காற்றும். எண்ணெய் போகிற வழியை எத்தனையோ தடவை பார்த்த நான், காற்று போகிற வழியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

முதல் ஞாயிறு டேங்குக்கும் பம்புக்கும் போனது. பதின்மூன்று வருஷத்து மண்ணெண்ணெய் தேன் நிறத்தில் வந்தது, பழைய வார்னிஷ் வாடை. ரேஷன் மண்ணெண்ணெய் நீல நிறம். அந்த நீலம் எங்கே போனது என்றே தெரியவில்லை. புது எண்ணெய் கொஞ்சம் ஊற்றி, ஒரு பிடி அரிசியும் போட்டு நன்றாகக் குலுக்கிக் கொட்டினால் அடிப் பிசின் வந்துவிடும். மூன்று தடவை கொட்டினேன். பம்புத் தோல் வாஷர் காய்ந்து வற்றல் மாதிரி கிடந்தது. விளக்கெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்ததும் விரலுக்கு மெத்தென்று ஆகிவிட்டது. அதன் உதட்டை விரலால் வெளிப்பக்கம் விரித்துவிட்டுப் போட்டால் இரண்டாவது அடியிலேயே கைக்கு அழுத்தம் தெரியும்.

டேங்கில் எண்ணெய் இல்லாமல் காற்று மட்டும் அடித்து வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். வேப்பரைசர் டேங்கில் உட்காருகிற இடத்தில் பொடிப்பொடியாகக் காற்று முட்டை விட்டது. அங்கே இருப்பது ஈய வாஷர். ஒருமுறை நசுங்கினது மறுமுறை சரியாக உட்காராது. கழற்றினால் புதிது போடுவதுதான் முறை. இந்த இடத்தில் கசிவை விட்டுவைக்காதீர்கள். எரிகிற நெருப்புக்கு ஒரு சாண் கீழே கசிகிற எண்ணெய் அது.

இரண்டாவது ஞாயிறு ஏற்றினேன். அன்றுதான் நான் முதலில் சொன்ன மூச்சு வாங்கல். வாங்கினவுடன் எனக்குத் தோன்றியது நிப்பிள். வீட்டில் பம்பு ஸ்டவ் இருந்த காலத்தில் வளர்ந்தவன் கை வேறெங்கும் போகாது. ஸ்டவ் மங்கினால் அம்மா தகரப் பட்டையில் ஒட்டின பின்னை எடுத்துக் குத்துவாள், உடனே தூக்கி எரியும். பெட்ரோமாக்ஸில் பின் உள்ளேயே இருக்கிறது; பக்கவாட்டுத் திருகைச் சுற்றினால் ஊசி மேலேறி நிப்பிளைக் குத்திவிட்டு இறங்கும். கழற்றிப் பார்த்தபோது எங்கள் ஊசியின் முனை ஒடிந்திருந்தது. அதோடு கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதாக முடிவே கட்டிவிட்டேன்.

கடலூரில் இரண்டு மூன்று இடத்தில் கேட்டேன், ஸ்டவ் நிப்பிள் இருக்கிறது, இதற்கு இல்லை. அடுத்த ஞாயிறு புதுச்சேரிக்கு வண்டி எடுத்தேன். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணிக்கடைகளைத் தாண்டினால் தரையில் விரிப்பு போட்டுப் பழைய சாமான் விற்கிறவர்கள் இருப்பார்கள். டார்ச், பூட்டு, ரேடியோ வால்வு, டெலிபோன். அங்கே ஒரு பெரியவரிடம் ஒரு மாத்திரை டப்பா நிறைய நிப்பிளும் ஊசியும் இருந்தன. “என்ன லைட்டு, முந்நூறா, ஐந்நூறா?” என்றார். மெழுகுவர்த்தி பலத்தில் சொல்கிற அளவு அது. எங்களுடையது ஐந்நூறு. நாலைந்து நிப்பிளை வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இரண்டை எடுத்துக் கொடுத்தார். “ஓட்டை வட்டமா இருக்கணும் தம்பி. குத்திக் குத்தி நீளமானது வெளிச்சம் கொடுக்காது, எண்ணெயத்தான் குடிக்கும்.” அவர் சொன்ன மாதிரி எங்கள் பழைய நிப்பிளை வெயிலுக்குக் காட்டினேன். துளை கோழிமுட்டை வடிவத்தில் இருந்தது.

புது நிப்பிள், புது ஊசி. நாலு நிமிடம் பளிச். ஐந்தாவது நிமிடம் புஸ், புஸ். அன்று மூன்று தடவை ஊசியை மாற்றி மாற்றிப் போட்டேன்.

என் சித்தப்பாதான் அப்பாவின் கடையில் லைட் ஏற்றுகிறவர். எழுபது தாண்டிவிட்டது, கண் சரியில்லை. அன்று சாயங்காலம் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டார்.

“எத்தன ஊசிடா மாத்துன?”

“மூணு சித்தப்பா. நிப்பிளும் புதுசுதான்.”

“ஊசி மேல கோபப்பட்டு என்ன பண்றது. அடைப்புன்னா ஏத்துன உடனேயே மங்கணும். இது சூடான அப்புறம் திணறுது. குழாய்க்குள்ள கரி நிக்குது. கழட்டு.”

கோளாறு எப்போது தொடங்குகிறது என்பதைக் கேட்டு, அது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டார். குழாயில் வழி குறுகிவிட்டால் முதலில் சமாளிக்கும். சூடு ஏறி, கரிக்குப் பின்னால் ஆவி திரண்டு எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும்; சூடு குறையும், எண்ணெய் திரும்ப வரும், திரும்ப ஆவியாகித் தள்ளும். அந்தப் போக்குவரத்துதான் மூச்சு வாங்கல்.

வேப்பரைசரைக் கழற்றினேன். உள்ளே ஊசியைத் தூக்குகிற கம்பி வழியில் இரண்டு இடத்தில் பிடித்துக்கொண்டது. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்து, திருகித் திருகித்தான் வெளியே வந்தது. வந்த கம்பியின் மேல் பாதி முழுக்கக் கரி. பொடியாக இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, உடைந்த இடத்தில் கண்ணாடி மாதிரி பளபளப்பு. நகத்தால் கீறினால் வரவில்லை, பிளேடு முனை வைத்தால் செதில் செதிலாகத் தெறித்தது. சைக்கிள் பம்பைக் குழாயின் அடியில் வைத்து, மேல்முனையை டம்ளர் தண்ணீரில் விட்டு அடித்தேன். ஒவ்வொரு முட்டையாக, யோசித்து யோசித்து வந்தது.

கரியைக் கரைக்க எண்ணெயாலும் ஸ்பிரிட்டாலும் ஆகாது. எரித்துத்தான் எடுக்க வேண்டும். லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு சந்தில் பித்தளைப் பட்டறை இருக்கிறது. அங்கே குழாயை எடுத்துப் போனேன். குழாய் மட்டும், டேங்கை நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. டேங்கின் இணைப்புகள் ஈயப் பற்று, உருகிவிடும், அதைவிட உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் ஆவி இருந்தாலும் வெடிக்கும். பட்டறைக்காரர் குழாயை இடுக்கியில் பிடித்து, நிழலில் பார்த்தால் மட்டும் தெரிகிற மங்கல் சிவப்புக்குக் காய்ச்சினார். அதற்கு மேல் போனால் பித்தளை பதம் கெட்டுவிடும். சிவந்த நிலையில், குழாயின் கீழ்முனையில் நீளமான ரப்பர் குழாய் மாட்டி மெதுவாகக் காற்று விட்டார். அப்போது ஒன்று நடந்தது. சுருள் வளையத்தின் மேல்முனையில் இருந்து பொறி பறந்தது. உள்ளே இருக்கிற கரி அந்தக் காற்றில் தானாகவே எரிகிறது. காற்றை நிறுத்தினால் பொறி நிற்கிறது, விட்டால் திரும்பப் பறக்கிறது. பொறி தானாக ஓயும் வரை விட்டார். இதுதான் உள்ளே கரி தீர்ந்ததற்கு அடையாளம் என்றார்.

ஆறின பிறகு சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, முனையைப் பிரித்துத் துடைப்பம் மாதிரி ஆக்கி, நேர்க் குழாயில் விட்டுத் திருகினேன். சுருளுக்குள் கம்பி போகாது. அதற்கு எலுமிச்சை உப்பு கரைத்த வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் வைத்துக் கொட்டினேன். காய்ச்சுவதும் திருகுவதும் கழுவுவதுமாக மூன்று சுற்று. காகிதத்தில் தட்டிச் சேர்த்த கரி அரை டீஸ்பூன் இருக்கும். முடி நுழைகிற நிப்பிளுக்குக் கீழே அரை டீஸ்பூன் கரி. இப்போது சைக்கிள் பம்பு வைத்து அடித்தால் டம்ளர் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொங்கியது.

நாலாவது ஞாயிறு. மூச்சு வாங்கல் போய்விட்டது. ஆனால் லைட் முன்னைவிட மோசம்.

மேண்டிலைச் சுற்றி மஞ்சள் நாக்கு, மேல் தொப்பியின் துளைகள் வழியாகவும் மஞ்சள் ஜுவாலை, கண்ணாடிச் சிம்னியில் பத்து நிமிடத்தில் கரும்புகை. மேண்டிலின் ஒரு பக்கம் கருப்புப் படலம். அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், மங்கிற்றே தவிர மஞ்சள் போகவில்லை. எண்ணெய் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, இரண்டாவது நிப்பிளைப் போட்டேன். அதே மஞ்சள். மனம் விட்டுப்போன நாள் அது. இத்தனை சுத்தம் செய்த பிறகு எப்படி மோசமாகும் என்பதற்கு எனக்கு விடை இல்லை.

விடை அடுத்த வாரம் வேலைக்குப் போகிற பஸ்ஸில் தோன்றியது. முன்பு எண்ணெய் வழியும் அடைத்திருந்தது, காற்று வழியும் அடைத்திருந்தது. குறைந்த எண்ணெய்க்குக் குறைந்த காற்று போதுமானதாக இருந்திருக்கிறது. அதனால்தான் அந்த முதல் நாலு நிமிடம் வெள்ளையாக எரிந்திருக்கிறது. நான் எண்ணெய் வழியைத் திறந்துவிட்டேன். காற்று வழி அப்படியே இருக்கிறது. ஒரு கோளாறு இன்னொரு கோளாறை இத்தனை நாளாக மறைத்துக்கொண்டிருந்தது.

ஐந்தாவது ஞாயிறு தொப்பியைக் கழற்றி, உள்ளே இருக்கிற வளைந்த குழாயைப் பிரித்தேன். சித்தப்பா இதைக் காத்துக்குழாய் என்பார். வெளியில் இருந்து பார்த்தால் துரு கூட இல்லை. வாயில் கண் வைத்துப் பார்த்தால் வளைவு வரைக்கும் சுத்தம், வளைவுக்கு அப்பால் தெரியாது. ஊதிப் பார்த்தேன், காற்று போனது. போனதால் அதைக் கீழே வைத்திருப்பேன். ஆனால் அம்மா ஊதுபத்தி ஏற்றியிருந்தாள். அதன் புகையை ஒரு முனையில் காட்டி மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சினேன். புகை உள்ளே போக மாட்டேன் என்று குழாயின் வாயிலேயே சுருண்டது. ஊதும்போது நாம் கொடுக்கிற பலம் சின்ன இடைவெளியையும் தாண்டிவிடும். லைட் எரியும்போது அந்தப் பலம் இல்லை. நிப்பிளில் இருந்து பாய்கிற ஆவி இழுக்கிற இழுப்பு மட்டும்தான். அந்த இழுப்புக்கு வழி போதுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் ஊற்றினேன். சொட்டுச் சொட்டாக, செம்மண் கலங்கலாக வந்தது.

தென்னை ஈர்க்கை உள்ளே விட்டேன். வளைவில் கெட்டியாக முட்டியது. கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் திரும்பக் குத்தினேன். முதலில் பட்டாணி அளவு மண்கட்டி ஒன்று விழுந்தது. அடுத்து பாதியாக உடைந்த ஒரு மண் குடுவை. உள்பக்கம் வழவழப்பாக, விரலால் பூசி மெழுகினது போல இருந்தது. குளவிக் கூடு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். குடுவைக்குள் சிலந்திகளின் காய்ந்த கால்கள், ஒன்றோடொன்று பின்னி, முடிக்கற்றை மாதிரி. குளவி சிலந்தியைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அறைக்குள் அடைத்து, அதன்மேல் முட்டையிட்டு வாயை மண்ணால் பூசிவிடும். புழு வெளியே வந்ததும் சாப்பாடு தயாராக இருக்கும். பரணில் பதின்மூன்று வருஷம் கிடந்த காலத்தில் எப்போதோ ஒரு குளவிக்கு இந்தக் குழாய் பிடித்துப்போயிருக்கிறது. சாக்கு ஓட்டை வழியாக வந்திருக்கும். வளைவில் மூன்று அறை கட்டியிருந்தது. முக்கால்வாசி வழி போய், மேல்பக்கம் பிறை மாதிரி ஒரு இடுக்கு மட்டும் மிச்சம். நான் ஊதின காற்று அந்த இடுக்கு வழியாகத்தான் போயிருக்கிறது.

அம்மா பார்த்துவிட்டு, “குளவி கூடு கட்டுனா வீட்டுல கொழந்த பொறக்கும்னு சொல்லுவாங்க” என்றாள். தங்கைக்குப் பையன் பிறந்த வருஷத்தைக் கணக்குப் பார்த்து, அப்போது கட்டினதுதான் என்று அவளே முடிவும் செய்தாள். மண்கட்டிகளை எறிய விடவில்லை. பூஜை மாடத்தில் ஒரு மூடியில் வைத்திருக்கிறாள்.

குழாயை இரண்டு தடவை ஊறவைத்து, பால் புட்டி கழுவுகிற பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்தேன். அதே ஊதுபத்திச் சோதனை. புகை நூல் பிடித்த மாதிரி நேராக உள்ளே போய் மறுமுனையில் வந்தது. பீங்கான் மூக்கில் ஒரு விரிசல் இருந்தது, சண்டே மார்க்கெட் பெரியவரிடம் வாங்கினதைப் போட்டேன்.

பொருத்தும்போது ஒரு அளவு முக்கியம். நிப்பிளின் தலைக்கும் காத்துக்குழாயின் வாய்க்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாகத்தான் காற்று ஏறுகிறது. இடைவெளி குறைந்தால் காற்று பற்றாது, மஞ்சள். அதிகமானால் ஆவி வாய்க்குள் சரியாக விழாமல் சிதறும், மேண்டில் மங்கும், சில சமயம் நெருப்பு நிப்பிளிலேயே பிடித்துக்கொள்ளும். குழாயை ஏற்றி இறக்க ஒரு திருகு இருக்கிறது. இந்த இடைவெளியை அளக்க லைட்டோடு வந்த சாவி எங்களிடம் இல்லை, ஸ்கேல் வைத்து 14 மில்லிமீட்டரில் நிறுத்தினேன். எங்கள் லைட்டுக்கு அது சரியாக அமைந்தது. இடைவெளியைவிட நேர்தான் பெரிய விஷயம்: குழாயின் வாய் நிப்பிளுக்கு நட்டநடு மேலே இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் மேண்டில் ஒரு பக்கம் மட்டும் ஒளிரும். தொப்பியைப் போடுமுன் கண்ணை நிப்பிள் மட்டத்துக்கு இறக்கி இரண்டு திசையிலும் பார்த்துவிடுங்கள்.

ஆறாவது ஞாயிறு சித்தப்பாவை வரச் சொல்லியிருந்தேன். மேண்டில் கட்டுவது அவர் வேலை என்று விட்டுவிட்டேன். கண் சரியில்லாவிட்டாலும் விரல் மறக்கவில்லை. மூக்கின் பள்ளத்தில் நூலைச் சுற்றி, சுருக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிச் சமமாகப் பரப்பி, முடிச்சைப் பின்பக்கம் கொண்டுபோய் வாலை நறுக்கினார். சுருக்கம் ஒரு பக்கம் சேர்ந்தால் அந்தப் பக்கம் எரிந்து ஓட்டை விழும் என்றார்.

இந்த வலைத்துணிக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு உறவு உண்டு. 1885இல் ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். சில வருஷம் கழித்து 99 பங்கு தோரியம், ஒரு பங்கு சீரியம் என்று கலவையைப் பிடித்தார். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேண்டும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணல் திருவிதாங்கூர்க் கரையில் இருப்பதைக் கண்டார். அதன்பின் மணவாளக்குறிச்சி மணல் கப்பலேறி ஐரோப்பாவின் விளக்குகளுக்குப் போனது. 1910இல் பெர்லினில் எஹ்ரிச் அண்ட் கிரெட்ஸ் கம்பெனி பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்தபோது அதற்கான மேண்டில் சந்தை தயாராக இருந்தது. பெட்ரோலியத்தில் பாதியும், கம்பெனிக்காரர் மாக்ஸ் கிரெட்ஸின் பெயரும் சேர்ந்ததுதான் பெட்ரோமாக்ஸ். தோரியம் கதிரியக்கம் உள்ளது. இப்போது வருகிற பல மேண்டில்களில் அது இல்லை, பழைய இருப்பில் இருக்கும். எதுவானாலும் முதல் தடவை எரிப்பதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், உடைந்த சாம்பலை ஊதாதீர்கள், கை கழுவுங்கள்.

ஸ்பிரிட்டை இரண்டு கிண்ணம் எரியவிட்டார். ஒன்று போதாதா என்று கேட்டதற்கு, “மாசி, தை மாசக் காத்துக்கு ரெண்டு” என்றார். இரண்டாவது கிண்ணம் அணையப் போகிற நேரத்தில் காற்றுத் திருகை மூடி எட்டு அடி அடித்தார். மேண்டில் முதலில் நீலமாக உப்பியது. அப்புறம் அடியில் இருந்து வெள்ளை ஏறியது. இன்னும் இருபது அடி. சிம்னி தெளிவாக இருந்தது, தொப்பிக்கு மேலே ஜுவாலை எதுவும் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நிமிடம், ஐந்து, பத்து. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். அரை மணி நேரம் ஒரே சீறல்.

“உங்கப்பன் லைட்டுதான்” என்றார்.

மூன்று மணி நேரம் எரியவிட்டோம், நடுவில் இரண்டு தடவை பம்பு அடித்தது தவிர தொடவில்லை. திண்ணையில் வைத்துத்தான். மூடின அறையில் இதை எரிக்கவே கூடாது. மஞ்சளாக எரிகிற லைட் என்றால் இன்னும் கண்டிப்பு: காற்று பற்றாத நெருப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாடை கிடையாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று பெட்ரோலைக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது உயிரோடு விளையாடுவது. அணைப்பதற்கு எப்போதும் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். நன்றாக ஆறும் வரை மூடியைத் திறந்து எண்ணெய் ஊற்றாதீர்கள்.

இப்போது லைட் பரணுக்குப் போகவில்லை, அலமாரியில் இருக்கிறது. டேங்கைக் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட்டேன். நிப்பிள் மட்டத்தில் காத்துக்குழாயின் வாயைச் சுற்றி அப்பாவின் பழைய வேட்டித் துண்டைக் கட்டியிருக்கிறேன். ஏற்றுமுன் அவிழ்க்க மறக்காமல் இருக்க, அதன் மறுமுனையைப் பம்புக் கைப்பிடியில் முடிந்திருக்கிறேன்.

போன வாரம் மஞ்சக்குப்பத்தில் இருந்து சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் லைட்டைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதுவும் மூச்சு வாங்குகிறதாம். ஊசியைத் தொடவில்லை. காத்துக்குழாயைக் கழற்றி, ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தேன். புகை நேராகப் போகிறது. ஆக, இதில் கரி மட்டும்தான். நாளைக்குப் பட்டறைக்குப் போக வேண்டும்.